பெருவழி விருந்தும் நடுத்தீர்வையும்

தமிழில் எழுந்த கிறித்துவ இலக்கியங்களை ஆராய்வோர் பெரும்பாலும் அவற்றின் யாப்பு, அணி, காப்பிய அமைதி ஆகியவற்றையே முதற்கண் நோக்குவர். அந்நோக்கு வேண்டப்படுவதே. ஆயினும் ஒரு சமயத்தின் உயிர்க்கருத்து வேறொரு மொழிக்குள் புகும்போது, அம்மொழியின் சொற்கள் அக்கருத்தை எங்ஙனம் ஏற்றன, எவ்விடத்துத் தெளிவாக்கின, எவ்விடத்து எதிர்த்து நின்றன என்று காண்பதும் திறனாய்வாளர் கடனாகும். அத்தகைய உயிர்க்கருத்துக்கள் இரண்டினை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். நற்செய்தியின் அழைப்பு எல்லார்க்கும் பொது என்பது ஒன்று. எல்லாரும் ஒருநாள் தீர்ப்புக்கு நிற்றல் வேண்டும் என்பது மற்றொன்று.

இவ்விரண்டையும் பற்றி இருவகைக் கருத்துக்கள் வழங்குகின்றன. அழைப்பு நம் பத்தி நெறிக்கு இயைந்தது, தீர்ப்போ வெளியிலிருந்து வந்த அச்சுறுத்தல், ஆதலின் முன்னதைப் போற்றிப் பின்னதை ஒதுக்கலாம் என்பர் ஒருசாரார். தீர்ப்பே தலையாயது, அழைப்பு அதினின்று தப்பும் வழியைக் காட்டும் அறிவிப்பு மட்டுமே என்பர் மற்றொருசாரார். இவ்விரு கருத்துக்களும் ஒரே பிழையின் இரு பக்கங்கள் என்பது நம் கருத்து. அழைப்பும் தீர்ப்பும் இருவேறு செய்திகள் அல்ல. விருந்துக்கு அழைக்கப்பட்டவன் தான் பிறரை எங்ஙனம் அழைத்தான் என்று வினவப்படுவதே தீர்ப்பாகும். இதனை விளக்குதற்குத் தமிழில் 'விருந்து' என்னும் ஒரு சொல்லே பெருந்துணையாக உள்ளது.

இவ்வாராய்ச்சிக்குச் சென்னையின் மேற்குப் புறத்தை இடமாகக் கொள்கிறோம். அதற்குக் காரணம் உண்டு. தமிழ் விவிலிய வரலாற்றில் சிறப்பிடம் பெற்ற பெப்ரிசியு ஐயர் 1742இல் சென்னைக்கு வந்து, வேப்பேரியில் தங்கித் தம் மொழிபெயர்ப்புப் பணியைச் செய்தார். அவருடைய புதிய ஏற்பாடு 1772இல் அங்கே அச்சாயிற்று. அவ்வேப்பேரியைத் தொட்டு மேற்கே செல்வது பூவிருந்தவல்லி நெடுஞ்சாலை. அச்சாலையின் வடபால் திருவேற்காடும், அதற்கும் வடக்கே அம்பத்தூரும் ஆவடியும் உள்ளன. மேற்கே பூவிருந்தவல்லியும், அதனைக் கடந்தால் திருப்பெரும்பூதூரும் வருகின்றன. இன்று தொழிற்சாலைகளும் குடியிருப்புக்களும் நெருங்கிய இந்நிலப்பரப்பு, விருந்தைப் பற்றிய மூன்று பழங்கதைகளைத் தன்னகத்தே உடையது. அவற்றோடு ஒப்பிட்டு நோக்கும்போது நற்செய்தியின் விருந்துக் கதை நமக்குப் புதிய விளக்கம் பெறுகிறது.

1. விருந்து என்னும் சொல்

விருந்து என்பது முதற்கண் உணவைக் குறித்த சொல் அன்று. புதுமை என்பதே அதன் அடிப்பொருள். தொல்காப்பியர் நூலின் வனப்பு எட்டனுள் ஒன்றாக விருந்தினைக் கூறியது, புதிதாகப் புனையப்படும் யாப்பினைக் கருதியே. பின்னர் அச்சொல் புதியராய் இல்லத்துக்கு வந்தாரைக் குறித்தது. அதன் பின்னரே அவர்க்கு இடும் உணவைக் குறித்தது. திருக்குறளின் ஒன்பதாம் அதிகாரத்துக்கு உரை காணும் பரிமேலழகர், விருந்தினரை இருவகையாகப் பகுப்பர். முன்னறிமுகத்தால் அவ்வில்லத்தையே நாடி வந்தார் ஒருவகையினர். அறிமுகம் ஏதுமின்றி வந்து சேர்ந்தார் மற்றொருவகையினர். இப்பகுப்பு நம் ஆராய்ச்சிக்கு அடிப்படையாகும். அறிமுகம் இல்லாதவரும் விருந்தினரே என்பது தமிழறத்தின் துணிபு.

அவ்வதிகாரத்திலேயே வள்ளுவர் வேறொரு கருத்தையும் வைத்துள்ளார். இம்மையில் விருந்தோம்பியவனே மறுமையில் விருந்தினனாக ஏற்கப்படுவான் என்பது அது. விருந்திட்டவன் விருந்துண்பவனாக மாறும் இம்மாற்றம் ஒருவகைத் தீர்ப்பே அன்றோ? அங்கே வழக்கு இல்லை. சான்று கூறுவார் இல்லை. ஆயினும் ஒருவன் இங்கே எத்தகைய வாயிலைத் திறந்தானோ அத்தகைய வாயில் அவனுக்குத் திறக்கிறது. எனவே, விருந்தையும் மறுமையையும் ஒருங்கு வைத்து எண்ணும் பழக்கம் கிறித்துவத்தின் வருகையால் தமிழர்க்கு உண்டானதன்று.

2. மறுத்தாரும் வந்தாரும்

லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் இயேசு பெருமான் கூறிய கதை யாவரும் அறிந்ததே. ஒருவன் பெரிய விருந்து ஒன்றினை அமைத்துப் பலரை முன்னரே அழைத்திருந்தான். விருந்து ஆயத்தமானபோது ஏவலன் சென்று கூப்பிட, ஒருவன் நிலம் வாங்கியதைச் சொன்னான். ஒருவன் ஐந்து ஏர் மாடு வாங்கியதைச் சொன்னான். ஒருவன் மணம் புரிந்ததைச் சொன்னான். மூவரும் வரவில்லை. உடனே வீட்டுத் தலைவன் ஊரிலுள்ள ஏழைகளையும் உடற்குறையுடையோரையும் அழைத்துவரச் செய்தான். பின்னும் இடம் இருந்தமையின், ஊருக்குப் புறத்தே பெருவழிகளிலும் வேலியோரங்களிலும் இருப்பாரையும் அழைத்துவர ஏவினான்.

மறுத்தார் கூறிய காரணங்களைத் தமிழ்க் கண்கொண்டு நோக்குதல் வேண்டும். நிலம், எருது, மனைவி என்பவை மூன்றும் மருதநில வாழ்வின் நற்பேறுகள். உழவும் இல்லறமும் நம் அறநூல்கள் போற்றும் நெறிகள். கள்ளுண்டதாகவோ களவு செய்ததாகவோ அவர்கள் மீது குற்றம் இல்லை. விருந்தை இழந்தது தீமையால் அன்று, நன்மையில் மூழ்கியமையால். கதையின் கூர்மை இங்கே உள்ளது. தீர்ப்பினைக் கொடியார்க்கு மட்டும் உரியதாக எண்ணி அமைதி கொள்ளும் நல்லோரை நோக்கியே அது பேசுகிறது. மேலும், அவர்களை எவரும் வாயிலில் தடுக்கவில்லை. வர மறுத்தமையே அவர்கள் பெற்ற தீர்ப்பாக முடிகிறது.

இனி, பெருவழியில் இருந்தாரை அழைத்துவரும் முறையைக் குறிக்கும் சொல்லைக் காண்போம். கிரேக்க மூலத்தில் உள்ள வினை வற்புறுத்துதல் எனப் பொருள்படுவது. மேலைநாட்டுத் திருச்சபை வரலாற்றில் இச்சொல் பெருந்தீங்குக்கு இடமளித்தது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வட ஆப்பிரிக்கத் திருச்சபையினின்று பிரிந்து நின்றாரை அரசின் வன்மையால் மீட்டுக்கொணர்தல் தகும் என்று கூறிய அகுஸ்தீனார் இவ்விடத்தையே சான்றாகக் காட்டினார். அதன்பின் பல நூற்றாண்டுகள் சமய வன்முறைக்கு இச்சொல் அரணாக நின்றது. விருந்துக்கு அழைத்தல் என்பது சிறைக்கு இழுத்தலாகத் திரிந்தது.

தமிழ் மொழிபெயர்ப்பிலோ இவ்விடத்தில் 'வருந்தி' என்னும் வினையெச்சம் அமைந்துள்ளது. 1871இல் நிறைவெய்திய ஐக்கிய மொழிபெயர்ப்பைப் பயில்வோர் இதனைக் காணலாம். வருந்துதல் தன்வினை, வருத்துதல் பிறவினை. வருத்தி அழைத்தால் துன்பம் அழைக்கப்படுவோனுக்கு. வருந்தி அழைத்தால் அது அழைப்போனுக்கு. வந்தவர் கூசி நிற்கும்போது இல்லத்தார் பன்முறை கேட்டுக்கொள்வதனை வருந்தி அழைத்தல் என்பது நம் வழக்கு. அழையாத வீட்டில் அடிவைத்தல் இழிவு என்று கருதும் நாட்டில், வேலியோரத்தில் கிடந்த ஏழை ஒருவன் பெருமனைக்குள் எளிதிற் புகுவானா? தன்னை ஏளனம் செய்வதாகவே எண்ணுவான். அவன் ஐயத்தைப் போக்குதற்கு ஏவலன் படும் பாடே 'வருந்தி' என்னும் சொல்லில் அடங்கியுள்ளது. மூலத்தின் வினை இருபொருட்கு இடந்தந்து நிற்க, தமிழ்ச்சொல் கதையின் உளப்பாங்குக்கு ஒத்த பொருளை மட்டும் வரைந்து காட்டுகிறது. மொழிபெயர்ப்பும் ஒரு திறனாய்வே என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டா.

3. திருவேற்காடும் பூவிருந்தவல்லியும்

இவ்விருந்துக் கதைக்கு ஒப்பாகவும் உறழ்வாகவும் உள்ள நம் நாட்டுக் கதைகளை இனி நோக்குவோம். பெரிய புராணத்தில் இடம்பெறும் மூர்க்க நாயனார் தொண்டைநாட்டுத் திருவேற்காட்டினர். சிவனடியார்க்கு அமுதளித்தலையே வாழ்வாகக் கொண்டவர். கைப்பொருள் முழுதும் செலவானபின் சூதாடிப் பொருளீட்டி அப்பணியைத் தொடர்ந்தார். தோற்றும் பொருள் தர மறுத்தாரைச் சுரிகையாற் குத்தினார். அதனாலேயே மூர்க்கர் என்னும் பெயர் பெற்றார். இவர் செயலில் விருந்தோம்பலின் வேகமும், அவ்வேகம் அறத்தின் எல்லையைக் கடக்கும் இடரும் ஒருங்கே தெரிகின்றன. சேக்கிழார் இவ்விடரை மறைத்திலர். ஆனால் ஒன்று நினைவிற்கொள்ளத்தக்கது. அடியாரெல்லாம் உண்டபின் கடைப்பந்தியில் அமர்ந்து உண்பது நாயனார் வழக்கம். விருந்துக்குச் செல்வோன் கடைசி இடத்தில் அமர்க என்னும் அறிவுரை, லூக்காவின் அதே அதிகாரத்தில் விருந்துக் கதைக்குச் சற்றே முன்னர் உள்ளது. ஒன்றையொன்று அறியாத இரு மரபுகள், பந்தியின் கடைசி இடமே உயர்ந்தது என்று ஒருமுகமாகக் கண்டமை வியக்கத்தக்கது. எனினும் வேறுபாடும் பெரிது. நாயனாரின் விருந்தினர் அடியார். பெருவழியில் அழைக்கப்பட்டாரோ எவ்வடையாளமும் இல்லாதார்.

பூவிருந்தவல்லியிற் பிறந்தவர் திருக்கச்சி நம்பிகள். வணிகர் குலத்தினர்; காஞ்சி வரதராசப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசும் தொண்டு பூண்டவர். இவரைத் தம் ஆசானாகக் கருதிய இராமானுசர், இவர் உண்டு எஞ்சியதைத் தாம் உண்ண விரும்பித் தம் இல்லத்துக்கு அழைத்தார் என்று குருபரம்பரை நூல்கள் கூறும். இராமானுசர் வெளியே சென்றிருந்த வேளையில் நம்பிகள் வந்து உண்டு சென்றார். இராமானுசரின் மனைவியார் எஞ்சிய உணவைப் பிறர்க்கு ஈந்துவிட்டு, இடத்தைத் தூய்மை செய்து, நீராடி, மீண்டும் சமைத்தார். திரும்பிவந்த இராமானுசர் நடந்ததறிந்து உள்ளம் நொந்தார்.

இக்கதையைச் சாதியாசாரத்தைப் பற்றிய செய்தியாக மட்டும் கொண்டால் அதன் ஆழம் புலப்படாது. இங்கே அழைப்பு உண்மையானது. உணவும் குறைவற இடப்பட்டது. விருந்தினர் மனம் புண்படுமாறு ஒரு சொல்லும் சொல்லப்படவில்லை. ஆயினும் அவர் எழுந்து சென்றபின் கழுவப்பட்ட தரை அவ்வில்லத்தின் மீது ஒரு தீர்ப்பை எழுதிவிட்டது. விருந்தினர் தீர்ப்புக் கூறவில்லை, விருந்தே தீர்ப்பாயிற்று. அழைப்பும் தீர்ப்பும் ஒன்றன்பின் ஒன்றாக வரும் இரு நிகழ்ச்சிகள் அல்ல, ஒரே நிகழ்ச்சியின் உள்ளும் புறமும் என்று நாம் மேலே கூறியதற்கு இக்கதை சான்றாகும்.

இந்நம்பிகளே இராமானுசர்க்காக வரதரிடம் ஆறு வார்த்தைகளைக் கேட்டுவந்து கூறினார் என்பது வைணவ மரபு. சரணாகதியே வழி என்பதும், சரணடைந்தார்க்கு இறுதி வேளையில் இறைவனை நினைத்தல் கட்டாயம் அன்று என்பதும், உடல் நீங்கும்போது வீடு உறுதி என்பதும் அவற்றுட் சில. சாக்காட்டு நேரத்தில் நினைவு தவறினால் என்னாகும் என்னும் அச்சத்தினின்று அடியவனை விடுவிக்கும் வார்த்தைகள் இவை. இறுதியைப் பற்றிய அச்சத்துக்கு அருளின் அழைப்பே மறுமொழியாக இங்கே நிற்கிறது.

திருப்பெரும்பூதூர்ப் பெருமானாகிய இராமானுசரைப் பற்றிய திருக்கோட்டியூர் நிகழ்ச்சியும் ஈண்டு இணைத்து எண்ணத்தக்கது. ஆசான் மறையாகக் காக்கப் பணித்த மந்திரப் பொருளை அவர் பலரறியச் சொன்னார். ஆணையைக் கடந்தமைக்கு நரகமே பயன் என்று ஆசான் வினவ, பலர் உய்வதற்குத் தாம் ஒருவர் நரகம் புகுதல் நன்றே என்று விடை பகர்ந்தார் என்பர். பொதுவழைப்பை விடுத்தவன் அதன் பொருட்டுத் தண்டத்தைத் தன்மேல் ஏற்க இசைந்தான் என்பது இக்கதையின் உயிர். நற்செய்தியின் மையமும் இதனோடு உறவுடையது என்பதைப் பின்னர்க் காண்போம்.

4. நடுத்தீர்வை

தீர்ப்பினைக் குறிக்கத் தமிழ்க் கிறித்துவர் இருவகைச் சொற்களை வழங்கினர். சீர்திருத்தத் திருச்சபையார் நியாயத்தீர்ப்பு என்றனர். கத்தோலிக்கரிடையே நடுத்தீர்வை, தனித்தீர்வை, பொதுத்தீர்வை என்னும் சொற்கள் வழங்கின. இவற்றுள் 'நடு' என்னும் சொல் நினைந்து போற்றத்தக்கது. திருக்குறளின் பன்னிரண்டாம் அதிகாரம் நடுவுநிலைமை. உயிரைக் கவரும் கூற்றுவனுக்கும் நடுவன் என்று பெயருண்டு. செல்வன், வறியன் என்று பாராது ஒப்ப நடப்பவன் ஆதலின் அப்பெயர் பெற்றான். இச்சொல்லைத் தேர்ந்தமையால் தீர்ப்பு என்பது சினத்தின் வெளிப்பாடு அன்று, ஒருபாற் கோடாமையின் நிறைவு என்னும் பொருள் தமிழிற் சிறந்து தோன்றுகிறது. பகை கொண்டவன் தண்டிக்கலாம். நடுத்தீர்த்தல் அவனுக்கு இயலாது.

நடுநிலை என்பது அழைப்போடு பிரிக்க இயலாதவாறு பிணைந்தது. சிலரை மட்டும் அழைத்துவிட்டு எல்லாரையும் தீர்ப்புக்கு நிறுத்தினால் அது நடுநிலை ஆகாது. எல்லாரையும் அழைத்துவிட்டு, வந்தானுக்கும் மறுத்தானுக்கும் வேறுபாடு இல்லை என்றால் அழைத்தது பொருளற்ற சடங்காகும். பொதுத்தீர்வை நேரியதாதற்குப் பொதுவழைப்பு வேண்டும். பொதுவழைப்பு மெய்யாதற்குத் தீர்வை வேண்டும்.

மத்தேயு நற்செய்தியின் 22ஆம் அதிகாரத்தில் விருந்துக் கதை வேறொரு வடிவில் வருகிறது. அங்கே விருந்து அரசன் மகனின் திருமணத்துக்கு உரியது. தெருவிற் கண்ட நல்லாரும் தீயாரும் கூட்டிவரப்படுகின்றனர். ஆனால் மணவாடை இன்றி அமர்ந்திருந்த ஒருவன் வெளியே தள்ளப்படுகிறான். அவ்வாடை நம்பிக்கையைக் குறிக்கும் என்பாரும், அன்பைக் குறிக்கும் என்பாரும், நல்லொழுக்கத்தைக் குறிக்கும் என்பாரும் உளர். எப்பொருள் கொள்ளினும் ஒன்று தெளிவு. நுழைதற்குத் தகுதி கேட்கப்படவில்லை; நுழைந்தபின் மாறுதல் எதிர்பார்க்கப்படுகிறது. வாயில் அகன்றது என்பதனால் பந்தி பொறுப்பற்றது ஆகாது.

அந்நூலின் 25ஆம் அதிகாரத்தில் தீர்ப்பு நாளே காட்டப்படுகிறது. எல்லா இனத்தாரும் ஒருங்கு நிற்கின்றனர். ஆண்டவர் வினவுவன எவை? பசித்தார்க்கு உணவு, தாகமுற்றார்க்கு நீர், அந்நியர்க்கு இடம், ஆடையிலார்க்கு ஆடை, நோயுற்றார்க்கும் சிறைப்பட்டார்க்கும் துணை என்னும் இவையே. ஒருதிறத்தாரும் மறுதிறத்தாரும் ஒருங்கே வியப்படைகின்றனர். ஏழையின் உருவில் வந்தவரை இன்னார் என இருதிறத்தாரும் அறிந்திலர். பரிமேலழகர் இரண்டாவதாகக் கூறிய விருந்தினர், அறிமுகம் ஏதுமின்றி வந்தவர், இங்கே நடுவராக அமர்ந்திருக்கிறார். லூக்காவில் மாந்தரை விருந்துக்கு அழைத்தவர், மத்தேயுவில் மாந்தரிடம் விருந்தாக வந்தவராகத் தம்மை வெளிப்படுத்துகிறார். தீர்ப்பு நாளின் வினா விருந்தோம்பலைப் பற்றிய வினாவே. தீர்ப்பு அயற்சரக்கு என்று ஒதுக்குவார் இவ்வதிகாரத்தைத் திருக்குறளின் ஒன்பதாம் அதிகாரத்தோடு ஒப்பிட்டுக் காண்பாராக.

எனினும் ஒப்புமை காணும் விழைவில் வேற்றுமையை மறத்தலாகாது. வினைக்கொள்கையில் தீர்ப்புக்கென ஒருநாள் வேண்டுவதில்லை. வினை தானே தொடர்ந்து வந்து பயனூட்டும். சிலப்பதிகாரத்தில் பாண்டியன் தன் அவையிலேயே தன் பிழையை உணர்ந்து உயிர்விடுகிறான்; அறமே அங்குக் கூற்றமாயிற்று. நற்செய்தி காட்டும் தீர்ப்போ வரலாற்றின் முடிவில் எல்லார் முன்னிலையிலும் நிகழ்வது. பிறவிகள் பலவற்றில் திருத்திக்கொள்ளலாம் என்னும் இடம் அதில் இல்லை. அதனாலேயே அதன் அழைப்பில் 'இன்று' என்னும் அவசரம் ஒலிக்கிறது. இவ்வவசரத்தைத் தமிழ்ப் புலவர் எங்ஙனம் கையாண்டனர் என்பதே அடுத்த வினா.

5. வலையும் வாயிலும்

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) 1800இல் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சி, சிற்றிலக்கிய வடிவம் ஒன்றினை நற்செய்திக்கு உரியதாக்கிய நூல். குறவஞ்சி நாடகத்தில் பறவை பிடிக்கும் சிங்கன் இங்கே நற்செய்திப் பணியாளனாகிறான். இவ்வுருவகத் தேர்வு மிகப் பொருத்தமானது. மத்தேயு 13ஆம் அதிகாரத்தில், கடலில் வீசப்படும் வலை எல்லாவகை மீனையும் வாரிக்கொள்கிறது. கரையேறியபின்னரே நல்லவையும் ஆகாதவையும் பிரிக்கப்படுகின்றன. வலை வீசுதல் அழைப்பு; பிரித்தல் தீர்ப்பு. குறவஞ்சியின் இயல்பான களிப்பும் ஓட்டமும் இவ்வழைப்புக்கு ஏற்ற மொழியைத் தந்தன. ஆயினும் அவ்வடிவத்தில் வலை வீசுதற்கு இடமுண்டே அன்றி, கரையில் அமர்ந்து பிரித்தற்கு இடம் குறைவு. மகிழ்ச்சியில் முடிய வேண்டிய நாடகம் தீர்ப்பின் சுமையைத் தாங்குதல் அரிது. இது புலவரின் குறையன்று, வடிவத்தின் எல்லை.

ஆனால் வாழ்க்கையில் அவ்வினா அவரை விடவில்லை. 1820களில் புதிய மிஷனரிமார் திருச்சபைக்குள் சாதி வேற்றுமையை ஒழிக்க முற்பட்டபோது தஞ்சையிலும் வேப்பேரியிலும் பூசல் எழுந்தது. வழிபாட்டில் தனித்தனி இருக்கை வேண்டும் என்பாரின் பக்கம் நின்று, சாதியாசாரத்தைக் காத்து எழுதினார் சாஸ்திரியார். 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், திருச்சபையில் சாதி வேற்றுமைக்கு இடமில்லை என்று ஆணையிட்டார். எல்லா மீனையும் வாரும் வலையைப் பாடிய புலவர், ஒரே பந்தியில் எல்லாரும் அமர்தலை ஏற்கத் தயங்கினார் என்பது தமிழ்க் கிறித்துவ இலக்கிய வரலாற்றின் வருந்தத்தக்க செய்தி. நெடுஞ்சாலையின் மேற்கே நம்பிகளின் கதையில் கழுவப்பட்ட தரையும், அதன் கிழக்கே வேப்பேரிக் கோயிலில் பிரிக்கப்பட்ட இருக்கையும் ஒரே வினாவை எழுப்புகின்றன. நூலின் நயத்தைக் கண்டு இவ்வினாவை மறைத்தல் திறனாய்வு ஆகாது; இவ்வினாவைக் காட்டி நூலின் நயத்தை மறுத்தலும் ஆகாது. நூல் தன் ஆசிரியரினும் பெரிது என்பதே நாம் கொள்ளத்தக்க முடிபு. அவர் பாடிய அழைப்பே அவர் நிலைக்கு நடுவனாக நிற்கிறது.

கிருட்டிண பிள்ளையின் (1827–1900) இரட்சணிய யாத்திரிகம் 1894இல் வெளிவந்தது. நெல்லைச் சீமைக் கரையிருப்பில் வைணவக் குடியிற் பிறந்து, கம்பனில் தோய்ந்து, 1858இல் மயிலாப்பூரில் திருமுழுக்குப் பெற்றவர் அவர். ஆங்கிலப் புலவர் ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட மோட்சப் பயணக் கதையைத் தழுவி, ஐந்து பருவங்களாக இக்காப்பியத்தை யாத்தார். மூலக்கதையின் அமைப்பே அழைப்பும் தீர்ப்பும் பின்னியது. அழிவுக்குரிய நகரினின்று தீர்ப்பின் அச்சத்தால் ஒருவன் புறப்படுகிறான்; தட்டினால் திறக்கும் சிறு வாயில் அவனை ஏற்கிறது. முடிவிலோ வானகரின் வாயில்வரை வந்த அறிவிலி ஒருவன் உரிய சான்றின்மையால் கட்டுண்டு நரகவழியில் தள்ளப்படுகிறான். தொடக்கத்து வாயில் தட்டினோர் எவர்க்கும் திறந்தது. இறுதி வாயில் திறவாமற் போவதும் உண்டு.

இவ்வமைப்பில் கிருட்டிண பிள்ளை செய்த பெரிய மாற்றம் குமார பருவத்தில் உள்ளது. கிறித்துவின் பாடுகளை அங்கே அவர் விரித்துரைத்தார். மூலத்தில் இல்லாத இவ்விரிவைக் கதைப்போக்குக்குப் புறம்பானது என்று கருதுவார் உளராயின், அவர்க்கு நம் விடை இது. விருந்துக்கு அழைப்பவன் யாவன், அவன் எவ்வளவு வருந்தினான் என்பது காட்டப்படாவிடில் அழைப்புக்கு விலை தோன்றாது. அன்றியும், இறுதியில் நடுத்தீர்க்க வருவோன் ஒருகால் பிலாத்து என்பானின் மன்றத்தில் குற்றமின்றியே தண்டம் பெற்று நின்றவன் என்பதை அப்பருவம் நிலைநாட்டுகிறது. பின்னர், மாயாபுரியில் நிதானி கோடிய மன்றத்தின் முன் நிறுத்தப்படும்போது அவ்வுண்மை மீண்டும் ஒலிக்கிறது. முறைதவறிய மன்றங்கள் இரண்டினைக் கண்டபின்னரே, கற்போர் முறைதவறா மன்றத்தை அச்சத்தால் அன்றி ஆவலால் எதிர்நோக்கத் தொடங்குகின்றனர். அநீதியால் நலிந்தார்க்குத் தீர்ப்பு நாள் மிரட்டல் அன்று; அது நற்செய்தியின் பகுதியே. திருக்கோட்டியூர்க் கதையை வளர்த்த வைணவச் சூழலில் தோன்றிய புலவர், தண்டத்தைத் தன்மேல் ஏற்கும் அழைப்பாளன் என்னும் கருத்தின் ஆற்றலை உணர்ந்திருத்தல் இயல்பே.

வடிவத்தாலும் அவர் இச்சிக்கலைத் தீர்க்க முயன்றார். காப்பிய விருத்தம் நிகழ்ந்ததைக் கூறும். அது படர்க்கையின் மொழி. அழைப்போ முன்னிலையின் மொழி. அதற்குரிய விடை தன்மையின் மொழி. விருத்தங்களினிடையே தேவாரம் என்னும் பெயரால் இசைப்பாடல்களை அவர் அமைத்தமை இதனால் பொருளுடைத்து. கதை கேட்டுக்கொண்டிருந்தவன் அவ்விடங்களில் தானே விடையிறுப்பவனாக மாறுகிறான்.

குறையும் உண்டு. வடசொற் செறிவு அழைப்பின் எளிமையைப் பல இடங்களில் மறைக்கிறது. பெருவழியில் இருந்தானை அழைக்கும் குரல் புலவர் அவைக்கு உரியதாகிவிடுகிறது. மேலும், தனியொருவன் தன் வீட்டைவிட்டு நீங்கிச் செல்லும் பயணக்கதையில் வாயில் முதன்மை பெறுமே அன்றிப் பந்தி முதன்மை பெறாது. யான் உள்ளே ஏற்கப்படுவேனா என்னும் வினா ஓங்கி நிற்க, யான் யாரை ஏற்றேன் என்னும் மத்தேயுவின் வினா தாழ்ந்து ஒலிக்கிறது. இது மூலத்தினின்று வந்த குறை. வாயிலைப் பாடிய புலவர் நமக்குக் கிடைத்தார்; கடைப்பந்தியைப் பாடும் கிறித்துவக் காப்பியம் தமிழில் இன்னும் எழுதப்படவேண்டியதாகவே உள்ளது.

6. முடிபு

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் சில முடிபுகள் பெறப்படும். விருந்து என்னும் தமிழ்ச்சொல் அறிமுகமற்ற புதியவரைத் தன் பொருளுள் அடக்கியிருத்தலின், நற்செய்தியின் பொதுவழைப்பை விளக்குதற்கு மிகவும் ஏற்றது. வருந்தி என்னும் சொல், பிறமொழியாளர் சிலர் வன்முறைக்கு இடங்கண்ட ஓரிடத்தில் அன்பின் உழைப்பைக் காட்டி நிற்கிறது. நடுத்தீர்வை என்னும் சொல், தீர்ப்பினைச் சினத்தினின்று பிரித்து நடுவுநிலைமையோடு சேர்க்கிறது. இம்மூன்று சொற்களையும் ஒருங்கு வைத்து எண்ணுமிடத்து, அழைப்பின்றித் தீர்ப்பு இல்லை, தீர்ப்பின்றி அழைப்பும் மெய்யாகாது என்பது புலனாகும்.

இம்முடிபு நூலாராய்ச்சியோடு நின்றுவிடுவதன்று. தீர்ப்பு நாளைப் பிறர்மேல் ஓங்கும் கோலாகப் பயன்படுத்துவார், அந்நாளின் வினா முதற்கண் விருந்துண்டவரை நோக்கியே எழுகிறது என்பதை மறக்கின்றனர். அழைப்பினை மட்டும் இன்னிசையாகப் பாடி மகிழ்வார், தம் பந்தியில் யாருக்கு இடமில்லை என்று எண்ணிப் பார்ப்பதில்லை. திருவேற்காட்டிற் கடைப்பந்தியில் அமர்ந்தவரும், பூவிருந்தவல்லியினின்று தோன்றி ஒரு வீட்டின் தரையால் அளக்கப்பட்டவரும் எச்சமயத்தார்க்கும் இதனை நினைவூட்டுவர். இச்சொற்களின் வழக்கினைப் பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் விவிலிய மொழிபெயர்ப்புக்கள் அனைத்தினும் தேடி ஒப்பிட்டுத் தொகுத்தல், முதுகலை மாணவர்க்கு உரிய நல்லதோர் ஆய்வுக்களமாகும்.